மருந்து வாங்கும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, புள்ளியியல் துறை)

'கமிஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்ப்பக்கத்தில் எவருக்கும் நினைவுக்கு வருவது தரகுப் பணமே. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரைத் தான் என் தந்தையாரும் நினைத்துக்கொண்டார். 'படிக்கிற பெண்ணுக்கு அந்த வேலை எதற்கு?' என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் இங்கிலாந்து நாட்டு மருத்துவத் துறையில் 'கமிஷனிங்' என்பது ஒரு பொறுப்பான பணியின் பெயர். ஒரு வட்டாரத்து மக்களுக்கு என்னென்ன மருத்துவம் தேவை என்று கணக்கெடுத்து, கையில் உள்ள பணத்தில் எதை, எவரிடமிருந்து, என்ன விலைக்கு, என்ன தரத்தில் வாங்குவது என்று முடிவு செய்து, வாங்கியது மக்களைச் சென்று சேர்ந்ததா என்றும் பார்ப்பதே அப்பணி. அந்நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, மருத்துவத்தை வாங்குவோர் வேறு, வழங்குவோர் வேறு எனப் பிரித்தனர். 2013 முதல் 2022 வரை வட்டார மருத்துவர்கள் கூடிய குழுக்கள் அவ்வேலையைச் செய்தன. 2022 ஜூலையில் அவை கலைக்கப்பட்டு வாரியங்கள் வந்தன. பெயர்ப்பலகைகள் மாறினவே தவிர வேலை மாறவில்லை.

நம் மாநிலத்தில் இதற்கு இணையாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று, காப்பீட்டின் வழியாகச் சிகிச்சையையே அரசு வாங்கித் தருவது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்றும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றும் இது நடந்து வந்தது. மற்றொன்று மருந்துக் கொள்முதல். கொள்முதல் என்றால் எங்களுக்கு நெல் கொள்முதல்தான் தெரியும். அங்கே அரசு எங்களிடமிருந்து வாங்கும். இங்கே அரசு எங்களுக்காக வாங்குகிறது. இந்த இரண்டாவது வகையில்தான், மூன்றாம் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், துறைத் தலைவர் தந்த கடிதத்துடன் மாவட்டத் தலைநகரிலுள்ள மருந்துக் கிடங்கில் பதினைந்து நாள் பயிற்சி பெற்றேன். அங்கு கண்டதையும், வகுப்பில் படித்த புள்ளியியல் அங்கே எங்கெங்கு தலைகாட்டியது என்பதையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கை, ஒரே பட்டியல்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலை முதல் நாள் அரசுக்கு உரிமையான ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் மருந்துக் கொள்முதல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தது. ஒரே மருந்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் ஒவ்வொரு விலைக்கு வாங்கினர். கழகம் வந்தபின் மருந்துக்கான ஒதுக்கீட்டில் 90 விழுக்காடு அதன் வழியாகவும், மீதி 10 விழுக்காடு அந்தந்த மருத்துவமனையின் அவசரத்துக்கு உள்ளூரிலும் என்று பகுத்தனர். பிற்காலத்தில் கேரளம் 2007இலும், இராஜஸ்தான் 2011இலும் இதே மாதிரியில் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன.

வாங்குவதற்கு முன் எதை வாங்குவது என்று தெரிய வேண்டுமல்லவா? சந்தையில் ஆயிரக்கணக்கான பெயர்களில் மருந்துகள் உள்ளன. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றாகவும் மேலே உள்ள பெயர் பலவாகவும் இருப்பதே இதற்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 1977இல் 'இன்றியமையா மருந்துகள்' என்று ஒரு பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. பெரும்பாலான மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு ஒரு சில நூறு மருந்துகளே போதும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டில் அத்தகைய பட்டியல் 1996இல் வந்தது. 2022இல் திருத்தியபோது அதில் 384 மருந்துகள் இருந்தன. இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, மருந்தின் இயற்பெயரிலேயே கேட்டு வாங்குவதுதான் முறை. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று' என்ற பொருளில் அச்சிட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். மருந்து வெளிச்சந்தைக்குக் கடத்தப்படாமல் இருக்க அது ஒரு வேலி.

ஒப்பந்தப்புள்ளி கோருவதில் இரண்டு உறைகள் உண்டு. முதல் உறையில் கம்பெனியின் தகுதி: உரிமம் உண்டா, நல்ல உற்பத்தி முறைக்கான சான்று உண்டா, இம்மருந்தை முன்பு தயாரித்திருக்கிறதா என்பவை. இரண்டாம் உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறையைப் பிரிப்பதே இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்தது. மலிவான விலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனம் தகுதியைக் குறைத்துப் பேசத் தொடங்கும் என்பதை அறிந்த யாரோதான் இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். விலையே பார்க்காமல் தரத்தைப் பார், தரம் தேறியபின் விலையை மட்டும் பார் என்பது அதன் உட்பொருள்.

குறைந்த விலை எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு மாநிலம் முழுவதற்குமான அளவை ஒரே இடத்தில் சேர்த்துக் கேட்கும்போது விலை இறங்குகிறது. விளம்பரச் செலவு, மருத்துவரைப் பார்க்க வரும் விற்பனைப் பிரதிநிதியின் செலவு ஆகியவை இல்லை. காலந்தாழ்த்தினால் தண்டத்தொகை, தரம் தவறினால் கறுப்புப் பட்டியல் என்ற அச்சமும் உண்டு.

சுண்ணாம்புக் கட்டியா?

எங்கள் தெருவில் அரசு மாத்திரைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சுண்ணாம்புக் கட்டி. 'இனாமாகக் கொடுப்பது எப்படி வேலை செய்யும்?' என்பது பெரியவர்களின் வாதம். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். ஆகவே கிடங்கில் நான் முதலில் கேட்ட கேள்வியே இதுதான். அங்கிருந்த மருந்தாளுநர் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"நீ என்னம்மா படிக்கிற? புள்ளியியலா? அப்ப உனக்குச் சொன்னா புரியும்" என்று சொல்லி, சிவப்புக் கயிறு கட்டித் தனியே ஒதுக்கியிருந்த ஒரு பகுதிக்கு அழைத்துச் சென்றார். லாரியிலிருந்து இறங்கிய மருந்து நேரே அடுக்குக்குப் போவதில்லை. இந்த ஒதுக்குப்புறத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகின்றனர். அங்கே தயாரித்தவரின் பெயரை மறைத்து, சங்கேத எண் இட்டு, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகின்றனர். விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்துத் திருத்துவது போலத்தான் இதுவும். தேர்ச்சி என்று முடிவு வந்தபின்பே கயிற்றை அவிழ்த்து மருந்தை வெளியே விடுகின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்ப்பார்கள்? இந்திய மருந்தியல் நூல் விதித்த சோதனைகள் பல. சொல்லிய அளவு மருந்து உள்ளே இருக்கிறதா, தண்ணீரில் கரைந்து வெளிவருகிறதா என்பவை வேதியியல் மாணவர்களின் பாடு. பூச்சு இல்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைந்து சிதற வேண்டும் என்பது ஒரு விதி. சுண்ணாம்புக் கட்டி அந்தச் சோதனையில் தேறுமா என்று தெருப் பெரியவர்களிடம் கேட்கலாம். என்னைக் கவர்ந்தது எடைச் சோதனை. 20 மாத்திரைகளைத் தனித்தனியே நிறுத்துச் சராசரி காண வேண்டும். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மாத்திரை என்றால், சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகுபவை இரண்டுக்கு மேற்படக் கூடாது. அவற்றுள் எதுவும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சின்ன மாத்திரைகளுக்கு இன்னும் சற்றுத் தளர்வு உண்டு. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், பரவலையும் பார்க்க வேண்டும் என்று நம் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது ஒரு மாத்திரையின் தலையெழுத்தாக இருப்பதைக் கண்டேன். சராசரி எடை சரியாக இருந்து, ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருந்தால், இன்று அதிக மருந்தும் நாளை குறைந்த மருந்தும் சாப்பிட்டதாக ஆகும்.

இலட்சக்கணக்கில் வரும் மாத்திரைக்கு 20 போதுமா என்ற ஐயம் எழலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் அறிந்த கூறெடுப்பு முறைதானே. பானை பெரிதானாலும் பதம் பார்க்கும் சோறு கூடுவதில்லை. ஆனால் சோறு நன்றாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும். அடிப்பிடித்த பானையில் மேல் சோறு பொய் சொல்லும். அதனால்தான் ஒரே பெட்டியின் மேல்வரிசையிலிருந்து எடுக்காமல் பல பெட்டிகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது.

கிடங்கின் ஒழுங்கு

கிடங்கு என்றதும் நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டு போன எனக்கு அங்கிருந்த அமைதி வியப்பாக இருந்தது. தரையில் எந்தப் பெட்டியும் நேரே படுவதில்லை. மரச்சட்டங்களின் மேல், சுவரை விட்டு விலகி நிற்கின்றன. இன்சுலின், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போன்றவை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கின்றன. அதன் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதுவது என் வேலையாயிற்று.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது மளிகைக் கடை வழக்கம். மருந்துக் கிடங்கில் அது போதாது. நேற்று வந்த பெட்டி முன்னதாகக் காலாவதியாகலாம், போன மாதம் வந்தது இரண்டு ஆண்டு தாங்கலாம். எனவே முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். சுமை தூக்கும் தோழர்கள் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் என்றாலும், காலாவதி மாதத்தை அட்டைப்பெட்டியின் ஓரத்திலிருந்து அவர்கள் படிக்கும் வேகம் எனக்கு வரவில்லை.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. வங்கிப் பாஸ்புக்கைப் போன்றதே; கழகம் தொடங்கிய நாளிலிருந்து பெயர் பெற்ற ஏற்பாடு இது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்திருப்பார்கள். எடுக்கும் மருந்தின் விலையை ஒவ்வொரு தடவையும் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பது அந்த நிலையத்தின் விருப்பம். மேலிருந்து தள்ளிவிடுவதற்கும் கீழிருந்து கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. தள்ளிவிட்டால் கேட்காத மருந்து காலாவதியாகும், கேட்ட மருந்து கிடைக்காது. கேட்டு வாங்குவதில் ஒரே ஒரு நிபந்தனைதான்: கேட்பவருக்குத் தம் தேவை தெரிந்திருக்க வேண்டும்.

நிற்க. என் பயிற்சியின் உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

தேவை வேறு, செலவு வேறு

அடுத்த ஆண்டு எத்தனை மாத்திரை வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறோம்? சென்ற ஆண்டு எத்தனை செலவாயிற்று என்று பார்த்து, மாதச் சராசரி கண்டு, கொஞ்சம் கூட்டிப் போடுவது எங்கும் உள்ள எளிய வழி. வீட்டில் உப்பு, புளி வாங்குவதும் அப்படித்தான். ஆனால் இந்த வழியில் ஒரு குழி இருக்கிறது. அதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன்.

ஒரு சிற்றூர் நிலையத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரை ஆறு மாதங்களில் முறையே 9000, 9200, 8800, 3000, 0, 9000 என்று செலவானதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 39,000. ஆறால் வகுத்தால் மாதம் 6500. சரி, அடுத்த தடவை மாதத்துக்கு 6500 கேட்போம் என்று எழுதினால் கணக்கில் பிழை ஏதும் தெரியாது. ஆயினும் அது தவறு. நான்காம் மாதத்தில் பத்து நாளோடு இருப்புத் தீர்ந்துவிட்டது. ஐந்தாம் மாதம் முழுவதும் இருப்பே இல்லை. ஆறு மாதத்தில் மருந்து கையில் இருந்தது நான்கு மாதமும் பத்து நாளும் மட்டுமே. 39,000ஐ அந்தக் காலத்தால் வகுத்தால் மாதம் 9000 வரும். உண்மையான தேவை அதுதான். இரண்டுக்கும் வேறுபாடு 2500 மாத்திரை. நாளுக்கு ஒன்று சாப்பிடுபவருக்கு மாதம் 30 வேண்டும். ஆக, ஏறக்குறைய 83 பேர் கணக்கிலிருந்து காணாமற் போய்விட்டார்கள்.

இது ஒரு தடவையோடு நிற்பதில்லை. மாதம் 6500 மட்டும் வந்தால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த ஆண்டின் செலவும் 6500க்கு மேல் பதிவாக வழியே இல்லை. மறு ஆண்டு பதிவேட்டைப் புரட்டுபவர், 'நாம் போட்ட மதிப்பீடு சரியாகவே இருந்திருக்கிறது' என்று மகிழ்வார். தவறான எண் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட தவறு புள்ளியியலில் மிகக் கொடியது என்பேன். ஏனெனில் அதைக் கண்டுபிடிக்க எந்தப் பதிவேட்டிலும் சான்று இருக்காது.

தேவை என்பது பதிவேட்டுக்கு வெளியேயும் இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடிச் சென்றபோது, அதுவரை எந்த நிலையத்திலும் பெயரில்லாதவர்கள் கணக்கில் ஏறினர். அவர்களுக்கு நோய் அன்று வந்ததன்று. எழுதப்பட்டதுதான் அன்று.

என் அம்மாவும் இப்படி எழுதப்படாதவர்களில் ஒருவராக இருந்தவர். இரத்தக் கொதிப்பு என்று கண்டறிந்த புதிது. வீடு தேடி வரும் பட்டியலில் இன்னும் பெயர் ஏறவில்லை. எங்கள் ஊருக்கு நான்கு கல் தொலைவிலுள்ள நிலையத்துக்குக் களையெடுப்பை விட்டுவிட்டுப் போனார். மாத்திரை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்களாம். திங்கட்கிழமை மறுபடி போனால் மறுபடி அரைநாள் கூலி போகும். அவர் போகவில்லை. தலை கிறுகிறுத்தபோது மெடிக்கலில் இரண்டு மாத்திரை உதிரியாக வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்தார். அந்த வாரத்தில் அந்த நிலையத்துப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எதுவும் இல்லை, பெயரே இல்லை. ஒரு மாதம் கழித்து நான் விடுதியிலிருந்து வந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. 6500க்கும் 9000க்கும் உள்ள இடைவெளியைக் கிடங்கில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது, அந்த 2500இல் முப்பது மாத்திரை யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

பாம்புக்கடி மருந்தும் பாய்சானும்

எல்லா மருந்துக்கும் சராசரி உதவாது என்பதற்குப் பாம்புக்கடி மருந்தே சான்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்யப்படுவது இது. குதிரையின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி எடுக்கும் எதிர்ப்பொருள். அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் நம் செங்கற்பட்டுப் பக்கத்தில் வடநெம்மேலியில்தான் தொடங்கியது.

ஒருவருக்கு முதல் தடவையிலேயே 8 முதல் 10 குப்பி வரை வேண்டியிருக்கும். ஒரு நிலையத்துக்குச் சராசரியாக மாதம் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். அப்படியானால் 10 குப்பி வைத்தால் போதுமா? பாய்சான் பரவலைப் போட்டுப் பாருங்கள். சராசரி ஒன்று என்றால், ஒரு மாதத்தில் மூவரோ அதற்கு மேலோ வருவதற்கான நிகழ்தகவு 0.08. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் ஏறத்தாழ ஒரு மாதம் அப்படி அமையும். அந்த மாதத்தில் இரண்டாவது ஆளுக்கே மருந்து இராது. ஆகவே சராசரியின் மூன்று மடங்கு வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தாலோ பெரும்பாலான மாதங்களில் அது சும்மா கிடக்கும், காலாவதியும் ஆகலாம். கணக்கு அதிகாரி கண்ணுக்கு அது வீண்செலவாகவே தெரியும். ஆனால் இவ்வகை மருந்துக்குச் 'சும்மா கிடப்பதே' அதன் வேலை என்பது என் கருத்து. தீயணைப்பு வண்டி தினமும் ஓடவில்லை என்று யாரும் அதை விற்றுவிடுவதில்லையே. காலாவதி நெருங்கும் குப்பிகளை, அதிகம் செலவாகும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டுப் புதியதைச் சிறிய நிலையத்துக்கு அனுப்பினால் வீணாவதும் குறையும். இங்கே சராசரி மட்டும் இன்றி, உயிரின் அவசரத்தைக் கொண்டும் மருந்தை வகை பிரிக்கிறார்கள்: உயிர் காப்பது, இன்றியமையாதது, இருந்தால் நல்லது என்று மூன்று. இருமல் மருந்து ஒரு வாரம் இல்லாவிட்டால் முணுமுணுப்பு. பாம்புக்கடி மருந்து ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் சாவு.

ஒரு நாற்பது பக்க நோட்டு

பன்னிரண்டாம் நாள் மருந்து ஏற்றிச் சென்ற வண்டியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னை அனுப்பி வைத்தார்கள். பணி ஓய்வை நெருங்கிவிட்ட மருந்தாளுநர் ஐயா ஒருவர் அங்கே இருந்தார். பெட்டிகளை எண்ணி முடித்தபின், என் மனத்திலிருந்த கேள்வியைக் கேட்டேன்: "மருந்து இல்லைன்னு திரும்பிப் போறவங்களை எங்க ஐயா எழுதுவீங்க?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "கொடுத்ததை எழுதப் பதிவேடு இருக்கும்மா. கொடுக்காம அனுப்பினதை எழுத ஒண்ணும் இல்ல. அதான் நானே கோடு போட்டு வச்சிருக்கேன்."

ஐந்து பத்தி போட்டிருந்தார்: தேதி, மருந்து, எத்தனை பேர், எப்போது வரச் சொன்னது, வந்தாரா. கடைசிப் பத்தியைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் புள்ளியியல் மாணவர்களே அறிவர். இருப்பு இல்லாத நாள்களை நீக்கி வகுக்கும் சூத்திரம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்ற ஐயம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. சொறி சிரங்குக் களிம்புக்கு வந்தவர் திங்கட்கிழமை திரும்பி வந்து வாங்கிக்கொள்வார். அவர் தேவை தள்ளிப்போயிற்றே தவிர அழியவில்லை. அங்கே சூத்திரத்தைப் போட்டால் ஒருவரை இருமுறை எண்ணியதாக ஆகும். காய்ச்சலுக்கு வந்தவர் திரும்பி வரமாட்டார். காய்ச்சல் விட்டிருக்கும், அல்லது கடன் வாங்கித் தனியாரிடம் போயிருப்பார். இரத்தக் கொதிப்புக்காரர் திரும்பி வந்தாலும் விட்டுப்போன பத்து நாள் மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட முடியாது. அந்தப் பத்து நாள் போனது போனதுதான். எது தள்ளிப்போன தேவை, எது அழிந்த தேவை என்று சூத்திரத்துக்குத் தெரியாது. அதைச் சொல்வது அந்த ஐந்தாம் பத்தி.

"இதை யாராவது பார்க்கிறாங்களா ஐயா?" என்றேன்.

"நான் பார்க்கிறேன். தேவைப் பட்டியல் போடும்போது இதைப் பக்கத்துல வச்சுக்குவேன். எனக்கு முன்னால இருந்தவரு வச்சிருந்தாரான்னு தெரியாது. அடுத்து வர்றவரு வச்சிருப்பாரோ என்னவோ" என்றார். பிறகு, "உனக்குக் கணக்கு வரும்னா உட்காரு, இந்த மாசத்துது போட்டுடலாம்" என்று நாற்காலியைக் காட்டினார்.

அன்று மாலை வரை இருவரும் எட்டு மருந்துகளுக்கு வேலை செய்தோம். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் இருப்பு இல்லாத நாள்களை நீக்கி வகுத்தோம். களிம்புக்கும் குடற்புழு மாத்திரைக்கும் பதிவேட்டுச் சராசரியையே வைத்துக்கொண்டோம். வலி மாத்திரையில் எங்களுக்குள் வாதம் வந்தது. அதை அழிந்த தேவை என்றேன் நான். நடவுக் காலம் முடியும் வரை வலியும் முடியாது, அவர்கள் வரத்தான் செய்வார்கள் என்றார் அவர். நோட்டைப் பார்த்தோம். அவர் சொன்னதே சரியாக இருந்தது. வயலில் குனிந்து நிற்பவர்களைப் பற்றி அந்த வயற்காட்டிலிருந்தே வந்த எனக்கு அவர் சொல்லித் தர வேண்டியிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எண்களைத் தேவைப் பட்டியலில் ஏற்றியபோது, கூடுதலாகக் கேட்ட மருந்துகளுக்கு நேரே 'இருப்பு இல்லாத நாள்கள்' என்று எழுதி எண்ணிக்கையையும் குறித்தார். காரணம் எழுதாத எண்ணைப் பார்ப்பவர் குறைத்துவிடுவார் என்றார்.

இந்த வேலையை விரிவாகச் செய்து பார்க்கத் துறைத் தலைவர் இசைந்துள்ளார். மூன்றாம் ஆண்டில் திட்டக் கட்டுரையாக, அருகருகே உள்ள மூன்று நிலையங்களில், ஐந்து பத்தி நோட்டு வைத்து நான்கு மாதம் எழுதி, பதிவேட்டுச் சராசரிக்கும் நோட்டு காட்டும் தேவைக்கும் எவ்வளவு இடைவெளி என்று காண எண்ணியுள்ளோம். ஒருவரால் ஆகக்கூடிய வேலையன்று. மூன்று நிலையங்களுக்கும் ஆள் வேண்டும். வேதியியல், விலங்கியல் மாணவர்களும் சேரலாம். அந்தந்த ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது, பேருந்துச் செலவு மிச்சம். ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். மழைக்குப் பின் காய்ச்சலும் பாம்புக்கடியும் கூடிவிடும். அப்போது மருந்தாளுநரிடம் நின்று பேச நேரமிராது. விருப்பமுள்ளோர் துறையில் பெயர் கொடுக்கலாம். நோட்டுக்குக் கோடு போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.